நாயும் ஓநாயும்: மரபணு உறவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் வளர்ப்பவர்களும், உயிரியல் படிக்கும் பிள்ளைகளும், காட்டுயிர் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கடந்த 20 ஆண்டுகளில் இந்தத் துறையில் வந்திருக்கும் மாற்றம் கொஞ்சநஞ்சமில்லை. பழைய எலும்பிலிருந்தே டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க முடிகிறது என்பதால், பாடப்புத்தகத்தில் படித்த பல விஷயங்கள் இன்று செல்லாது.

நாய் ஓநாயிலிருந்து வந்தது என்பது உறுதியா? நரியும் கலந்திருக்கும் என்கிறார்களே?

உறுதிதான். நாய்களின் இத்தனை உருவங்களைப் பார்த்த டார்வினுக்கே, இவ்வளவும் ஒரே காட்டு விலங்கிலிருந்து வந்திருக்குமா என்ற சந்தேகம் இருந்தது. விலங்கு நடத்தை ஆய்வில் பெரிய பெயரான கொன்ராட் லோரன்ஸ், பல நாய்கள் பொன்னிற நரியின் வழிவந்தவை என்று எழுதி, பிற்பாடு அந்தக் கருத்தைக் கைவிட்டார்.

விவாதத்தை முடித்துவைத்தது 1997ல் கார்லெஸ் விலா, ராபர்ட் வேய்ன் குழு வெளியிட்ட ஆய்வு. 162 ஓநாய்கள், 67 இனங்களைச் சேர்ந்த 140 நாய்கள். தாய்வழியாக மட்டுமே இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் ஒரு சிறு பகுதியை எடுத்து, அதன் வேதி எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். நாய்க்கும் ஓநாய்க்கும் நடுவே அதிகபட்சம் 12 எழுத்துகள்தான் மாறியிருந்தன. நரி, ஓநாயின் வட அமெரிக்க உறவான கொயோட்டி ஆகியவற்றோடு நாயை ஒப்பிட்டபோது குறைந்தது 20 மாற்றங்கள் வந்தன. பிறகு முழு மரபணுத் தொகுதிகளைப் படித்தவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள்.

நாய் பிரிந்து 1,35,000 ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்றும் அந்த ஆய்வு சொன்னது. அந்தக் கணக்கு மட்டும் நிற்கவில்லை. இணையத்தில் அந்த எண் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, கண்ணில் பட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

அப்படியென்றால் இன்று காட்டில் திரியும் ஓநாய்தான் நாயின் மூதாதையா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

2014ல் ஆடம் ஃப்ரீட்மன் குழு குரோவேஷியா, இஸ்ரேல், சீனா ஆகிய மூன்று இடங்களின் ஓநாய்களையும், ஆப்பிரிக்காவின் பசென்ஜி, ஆஸ்திரேலியாவின் டிங்கோ நாய்களையும் முழுமையாகப் படித்தது. நாய் இந்த மூன்றில் ஏதோ ஒரு ஓநாயிடமிருந்து வந்திருந்தால், அந்த ஓநாயோடு கூடுதல் ஒற்றுமை தெரிய வேண்டும். அப்படித் தெரியவில்லை. ஓநாய்கள் மூன்றும் தமக்குள் ஒரு கிளையாக நின்றன, நாய்கள் இன்னொரு கிளையாக நின்றன. அதாவது இன்றைய நாயும் இன்றைய ஓநாயும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். தாத்தா ஒரு பழைய ஓநாய்க் கூட்டம், அது இப்போது இல்லை.

அந்தக் கூட்டம் எங்கே போனது? பனியுகத்தின் கடைசிக் கட்டத்தில் ஓநாய்களின் உலகமே மாறிப்போனது. சைபீரியாவையும் அலாஸ்காவையும் அன்று இணைத்திருந்த பெரிஞ்சியா நிலப்பரப்பிலிருந்து சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு ஓநாய்க் கிளை பரவத் தொடங்கி, ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் பழைய ஓநாய்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் ஐரோப்பிய ஓநாயின் டி.என்.ஏ.வை வைத்துக்கொண்டு நாயின் பிறப்பிடத்தைத் தேடினால் விடை கிடைப்பதில்லை. நாய் பிறந்தபோது அங்கே இருந்த ஓநாய் வேறு.

இதுவரை படித்த ஓநாய்களில் நாய்க்கு மிக நெருங்கியது எது என்று கேட்டால், அதுவும் அழிந்துபோன ஒன்றுதான். 1905க்குப் பிறகு யாரும் பார்க்காத ஜப்பான் ஓநாயின் மரபணுவை அருங்காட்சியக எலும்புகளிலிருந்து எடுத்துப் படித்தபோது, தெரிந்த ஓநாய்களிலேயே நாய்க்கிளைக்கு அதுதான் பக்கத்தில் நின்றது. 2024ல் வந்த முடிவு இது. ஜப்பானில்தான் நாய் பிறந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. நாயின் மூதாதைக்கு நெருங்கிய ஒரு கிளை அந்தத் தீவில் ஒதுங்கிக் கொஞ்சம் அதிக நாள் பிழைத்திருக்கிறது.

எங்கே, எப்போது பழக்கப்பட்டது?

இதில் ஆய்வாளர்கள் பட்ட பாடு பெரிது. 2002ல் கிழக்கு ஆசியா என்றார்கள். 2010ல் மேற்கு ஆசியா. 2013ல் ஐரோப்பா. 2015ல் நேபாளம், மங்கோலியாவை ஒட்டிய மத்திய ஆசியா. 2016ல், அயர்லாந்தின் நியூகிரேஞ்சில் கிடைத்த 4,800 ஆண்டுப் பழமையான நாயின் காது எலும்பை வைத்து, கிழக்கே ஒரு முறை, மேற்கே ஒரு முறை என இரண்டு தடவை பழக்கப்பட்டிருக்கலாம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் செய்தித்தாள்கள் “மர்மம் விலகியது” என்று எழுதின.

பழைய எலும்புகள் சேரச் சேரத்தான் படம் தெளிந்தது. 2020ல் 27 பண்டைய நாய்களை ஒப்பிட்ட ஆய்வு, 11,000 ஆண்டுகளுக்கு முன்பே, பனியுகம் முடிந்த கையோடு, குறைந்தது ஐந்து வெவ்வேறு நாய்க் கிளைகள் உலகில் இருந்தன என்று காட்டியது. உழவு தொடங்கும் காலத்திலேயே இவ்வளவு பிரிவு என்றால் தொடக்கம் அதற்கும் வெகு முன்பு. 2022ல் லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தின் தலைமையில் கடந்த 1,00,000 ஆண்டுகளைச் சேர்ந்த 72 பழைய ஓநாய்கள் படிக்கப்பட்டன. நாய் மேற்கு ஐரோப்பாவின் பழைய ஓநாயைவிட, சைபீரியா பக்கத்து, அதாவது ஆசியாவின் கிழக்குப் பகுதி ஓநாய்க்கே நெருக்கம் என்று தெரிந்தது. மேற்கு ஆசியா, ஆப்பிரிக்கா பக்கத்து நாய்களில் மட்டும் இன்னொரு மேற்கத்திய ஓநாயின் பங்கும் இருந்தது. அது தனியாகப் பழக்கப்பட்டதா, கிழக்கிலிருந்து வந்த நாயோடு பிறகு கலந்ததா என்பது இன்னும் முடிவாகவில்லை.

காலத்தைப் பொறுத்தவரை, மரபணுக் கணக்குகள் நாய்க்கிளை பிரிந்ததை 20,000 முதல் 40,000 ஆண்டுகளுக்கு முன் வைக்கின்றன. கிளை பிரிந்த நாளும் மனிதனோடு சேர்ந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சேர்ந்ததற்குக் கைமேல் சாட்சி ஜெர்மனியின் பான் நகரத்தை ஒட்டிய ஓபர்காசலில் 1914ல் கிடைத்தது. ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு புதைக்கப்பட்ட நாய்க்குட்டி. சுமார் 14,000 ஆண்டுப் பழமை. அந்தக் குட்டியின் பல் எனாமலில் இருக்கும் தழும்புகளைப் பார்த்து, அதற்குக் கடுமையான டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்திருக்க வேண்டும் என்று கணித்திருக்கிறார்கள். அந்த நோய் வந்த குட்டியை யாராவது கூடவே இருந்து பார்த்துக்கொண்டால்தான் பிழைக்கும். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத குட்டி அது. நாய்–மனித உறவின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த தடயம் இதுதான்.

நாய்க்கும் ஓநாய்க்கும் எத்தனை சதவீதம் மரபணு ஒன்று?

99.9, 99.8, 98.8 என்று ஆளுக்கொரு எண் சொல்வார்கள். எதை அளந்தார்கள் என்று கேட்காமல் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம். 0.2 சதவீத வித்தியாசம் என்று பரவலாகச் சொல்வது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை அளந்த கணக்கு. அதே அளவுகோலில் ஓநாய்க்கும் கொயோட்டிக்கும் வித்தியாசம் சுமார் 4 சதவீதம். நாயின் முழு மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 240 கோடி எழுத்துகள் உண்டு. தாஷா என்ற பாக்ஸர் இன நாயை வைத்து 2005ல் அதைப் படித்து முடித்தார்கள். அவ்வளவு பெரிய எண்ணிக்கையில் மிகச் சிறிய சதவீதம்கூடப் பல லட்சம் எழுத்துகளாகும். வித்தியாசம் எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் கணக்கு.

சரி, எந்த இடத்தில் மாறியது?

முதலில் சோறு. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் என்ற நொதியைக் கணையத்தில் சுரக்கவைக்கும் மரபணுவுக்கு ஏ.எம்.ஒய்.2பி என்று பெயர். ஓநாயிடம் இதன் பிரதி 2. ஸ்வீடனின் உப்சாலாவில் எரிக் ஆக்செல்சன் குழு 2013ல் எண்ணிப் பார்த்தபோது நாய்களிடம் 4 முதல் 30 வரை இருந்தது. அமைலேஸ் உடைத்துத் தருவதைச் சர்க்கரையாக்கும் நொதியிலும், அந்தச் சர்க்கரையைக் குடல் உறிஞ்சும் வழியிலும்கூட மாற்றங்கள். வீட்டு வாசலில் வைக்கும் மிச்சச் சோற்றையும் ரசம் ஊற்றிப் பிசைந்ததையும் தின்றுவிட்டு ஒரு தெருநாய் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது என்றால், அதற்குப் பின்னால் இந்த மாற்றம் இருக்கிறது.

இது பழக்கப்பட்ட காலத்திலேயே வந்ததல்ல. பழைய நாய் எலும்புகளைப் பார்த்தால், பிரதிகள் கூடுவது ஐரோப்பாவில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன், தானியம் விளைவிக்கும் ஊர்களில்தான் தெரிகிறது. உழவு நுழையாத ஆர்க்டிக் பகுதியின் ஹஸ்கி, ஆஸ்திரேலியாவின் டிங்கோ இரண்டுக்கும் இன்றும் பிரதிகள் குறைவு. நாய் முதலில் மனிதனோடு சேர்ந்தது, அப்புறம் மனிதனின் சாப்பாட்டுக்கு மாறியது.

அடுத்தது குணம். 2017ல் பிரிட்ஜெட் வான்ஹோல்ட் குழு, நாய்களின் 6ஆம் குரோமோசோமில் ஜி.டி.எஃப்.2.ஐ. என்ற மரபணுவையும் அதன் பக்கத்து மரபணுவையும் ஒட்டிச் சில மாற்றங்களைக் கண்டது. மனிதர்களில் இதே பகுதி விடுபட்டுப்போனால் வில்லியம்ஸ்–பியூரன் நோய்க்குறி வருகிறது. அதன் ஓர் அடையாளம், முன்பின் தெரியாதவர்களிடமும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வது. முகம் தெரியாதவரிடமும் வாலாட்டும் நாயின் குணத்துக்கு இதில் பங்கு இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். படித்த விலங்குகள் குறைவு என்பதால் இதை ஒரு நல்ல துப்பு என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு முகம். புருவத்தின் உள்முனையைத் தூக்கும் ஒரு தசை நாய்களிடம் நன்றாக வளர்ந்திருக்கிறது. ஓநாயிடம் அந்த இடத்தில் சில நார்கள்தான். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பாவமாக ஒரு பார்வை பார்க்குமே, அந்தப் பார்வை இந்தத் தசையால் வருவது.

எல்லாமே மனிதன் செய்த மாற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. சின்ன நாய்களின் உருவத்தை நிர்ணயிப்பதில் ஐ.ஜி.எஃப்.1 என்ற மரபணுவுக்குப் பெரும் பங்கு. பொமரேனியன், சிவாவா போன்றவற்றைச் சிறிதாக்கும் அதே வடிவம், சைபீரியாவில் 54,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓநாயிடமே இருந்ததை 2022ல் கண்டுபிடித்தார்கள். அது ஓநாய்க் கூட்டத்தில் ஏற்கெனவே இருந்தது, மனிதன் பொறுக்கி எடுத்துப் பெருக்கினான், அவ்வளவுதான்.

நரி, செந்நாய் இவற்றோடு நாய் இணை சேருமா?

ஊளையிடும் பொன்னிற நரிக்கு நாயைப் போலவே 78 குரோமோசோம்கள். அதனால் கலப்பு நடக்கும், குரோவேஷியாவில் இயற்கையாகவே நடந்திருக்கிறது. ரஷ்யாவில் கிளிம் சுலிமோவ் என்பவர் நரியையும் ஹஸ்கியையும் கலந்து உருவாக்கிய நாய்கள் மாஸ்கோ விமான நிலையத்தில் மோப்பம் பிடிக்கின்றன.

செந்நாய்க்கும் 78தான். ஆனால் அது வெகு முன்பே பிரிந்த தனிக் கிளை. நாய்க்கு 42 பற்கள், செந்நாய்க்கு 40, கீழ்த்தாடையில் இருபுறமும் கடைசிக் கடைவாய்ப் பல் இருக்காது. பெயரில் நாய் இருப்பதால் முதுமலையில் பார்ப்பதை நாயின் முன்னோர் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஐரோப்பியச் செந்நரிக்கு 34 குரோமோசோம்களும் சில உதிரிகளும் மட்டுமே. அதோடு நாய் சேராது. ஆனால் தென் அமெரிக்காவின் பாம்பாஸ் நரி வேறு கிளை, அதற்கு 74. பிரேசிலில் 2021ல் வண்டி மோதி அடிபட்டுக் கிடந்த ஒரு பெண் விலங்குக்கு 76 குரோமோசோம்கள் இருந்தன. தாய் பாம்பாஸ் நரி, தகப்பன் நாய்.

ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட் எல்லாம் பாதி ஓநாயா?

தோற்றத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. ஜெர்மன் ஷெப்பர்ட் 1899ல் மேய்ப்பு நாய்களிலிருந்து உருவாக்கப்பட்ட இனம். ஹஸ்கி போன்ற ஆர்க்டிக் நாய்களில் சைபீரியாவில் கிடைத்த 35,000 ஆண்டுப் பழமையான தைமீர் ஓநாயின் வம்சத்திலிருந்து கொஞ்சம் பங்கு இருக்கிறது, அது மிகப் பழைய கலப்பு. உண்மையில் ஓநாயைக் கலந்து உருவாக்கியவை செக்கோஸ்லோவாக்கிய ஓநாய்நாய், சார்லோஸ் ஓநாய்நாய் போன்ற ஒரு சில.

திபெத்திய மாஸ்டிஃப் சுவாரசியமான விதிவிலக்கு. காற்று மெலிந்த உயரத்தில் தாக்குப்பிடிக்க உதவும் மரபணு வடிவத்தை அது அங்கத்திய ஓநாயிடமிருந்து பெற்றிருக்கிறது.

நம் நாட்டு நாய்கள் இந்திய ஓநாயிலிருந்து வந்தவையா?

ஆசைப்பட்டுக் கேட்கும் கேள்வி, புரிகிறது. ஆனால் சான்று எதிராக இருக்கிறது. 2004ல் வெளிவந்த ஆய்வில் தீபகற்ப இந்தியாவின் 45 ஓநாய்களின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. படிக்கப்பட்டது. உலகின் நாய்களும் மற்ற ஓநாய்களும் சேர்ந்து ஒரு கொத்தாக நிற்க, இந்திய ஓநாய் அதற்கு வெளியே தனியாக, மிகப் பழைய கிளையாக நின்றது. இமயமலை ஓநாயும் அப்படியே தனி. நாய்கள் எதுவும் அந்தக் கிளைகளில் விழவில்லை. ஆக, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, தெருவில் படுத்திருக்கும் நாய் எல்லாவற்றின் முன்னோரும் மனிதர்களோடு நாயாகவே இங்கே வந்தவர்கள்.

நம் இனங்களின் குணங்கள் அதற்குப் பிறகு, இங்கே நடந்த தேர்வினால் வந்தவை. தேர்வுக்கு விலையும் உண்டு. ராஜபாளையத்தில் வெள்ளையை மட்டுமே விரும்பி வளர்த்ததால் பிறவிச் செவிடு தலைகாட்டுகிறது. நிறமி உண்டாக்கும் செல்கள் உட்காதுக்கும் தேவை, அவை அங்கே போய்ச் சேராவிட்டால் காது கேட்காது. ஜோடி சேர்க்கும் முன் இரண்டுக்கும் காது கேட்கிறதா என்று சோதிப்பது வளர்ப்பவர்களின் கடமை.

ஓநாய்க் குட்டியைக் கண் திறக்கும் முன் எடுத்து வளர்த்தால் நாயாகிவிடாதா?

ஆகாது. அதோடு இந்தியாவில் அது குற்றம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓநாய் இருக்கிறது.

ஓநாய்க் குட்டி இரண்டு வாரத்திலேயே சுற்றிலும் ஆராயத் தொடங்குகிறது, அப்போது அதற்குக் காதும் கேட்காது, கண்ணும் தெரியாது, மூக்கு மட்டும்தான். நாய்க்குட்டி அதைத் தொடங்குவது நான்கு வாரத்தில், கண், காது, மூக்கு மூன்றும் திறந்த பிறகு. அதனால் மனிதன் நாய்க்குப் பழகுவதுபோல ஓநாய்க்குப் பழகுவதில்லை.

புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் ஓநாய்க் குட்டிகளைக் கைக்குழந்தைபோலத் தூக்கி வளர்த்துப் பார்த்தார்கள். பிறகு திறக்கவே முடியாதபடி அடைத்த சாப்பாட்டைக் கொடுத்தார்கள். நாய் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டுத் திரும்பி மனிதரின் முகத்தைப் பார்த்தது. ஓநாய் திரும்பிப் பார்க்காமல் இழுத்துக்கொண்டே இருந்தது.

நாயும் ஓநாய்தானே, நாம்தான் தலைவன் என்று அடித்து அடக்க வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். சரியா?

தப்பு. வேறு பயிற்சியாளரைப் பாருங்கள். இந்த எண்ணத்தின் வேர், ருடால்ஃப் ஷெங்கல் 1947ல் வெளியிட்ட, கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பற்றிய ஆய்வு. உறவில்லாத ஓநாய்களை ஓரிடத்தில் பூட்டினால் சண்டை போடத்தான் செய்யும். காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டேவிட் மெக், ஒரு கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று 1999ல் விளக்கமாக எழுதினார். தலைமைப் பதவிக்கான ஓயாத அடிதடி அங்கே இல்லை. ஓநாயிடமே இல்லாத ஒன்றை, அதனிடமிருந்து பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த நாயின் முதுகில் ஏற்றி அடிப்பது எந்த விதத்திலும் நியாயமில்லை.

நாயின் மரபணு ஓநாய்க்குள் போவதுண்டா?

உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஏறக்குறையப் பாதி ஓநாய்கள் கறுப்பு. அந்தக் கறுப்பு நிறத்துக்கான மரபணு மாற்றம் நாயிடமிருந்து போனது என்று 2009ல் நிறுவினார்கள். அந்த மரபணு நோய் எதிர்ப்போடும் தொடர்புடையது, டிஸ்டெம்பர் பரவும் காலங்களில் கறுப்பு ஓநாய்கள் அதிகம் தப்பிக்கின்றன. அங்கே அது உதவியாக முடிந்தது.

நம் நாட்டு நிலைமை அப்படி இல்லை. புனே பக்கத்துப் புல்வெளிகளில், ஓநாய்போல இருந்தாலும் நிறம் மாறி மஞ்சளாகத் தெரிந்த சில விலங்குகளைத் தி கிராஸ்லாண்ட்ஸ் டிரஸ்ட் அமைப்பினர் கவனித்தார்கள். பெங்களூரின் என்.சி.பி.எஸ். (உயிரியல் ஆய்வு மையம்), ஏட்ரீ (சூழலியல் ஆய்வு அமைப்பு) ஆய்வாளர்களோடு சேர்ந்து மரபணுவைப் படித்ததில் நாய்க் கலப்பு உறுதியானது. இந்திய ஓநாயில் நாய் கலந்திருப்பதற்கு முதல் மரபணுச் சான்றாக 2023ல் அது வெளிவந்தது.

நாட்டில் மிஞ்சியிருக்கும் ஓநாய்கள் சுமார் 3,000. அவற்றில் பெரும்பாலானவை புலிக்காடுகளில் இல்லை, தக்காணம் போன்ற இடங்களின் மேய்ச்சல் வெளிகளிலும் கரடுகளிலும், ஆட்டுக்கிடைகளை ஒட்டி வாழ்கின்றன. அரசுக் கணக்கில் பல இடங்களில் இந்த நிலம் தரிசு. அங்கே சாலை வரும், குப்பைக் கிடங்கு வரும், குப்பையைத் தொடர்ந்து நாய்க்கூட்டம் வரும். ஜோடி கிடைக்காத ஓநாய் நாயோடு சேர்கிறது. ரேபிஸும் டிஸ்டெம்பரும் கூடவே போகின்றன. பல லட்சம் ஆண்டுகளாகத் தனித்து வந்த கிளை, துப்பாக்கிச் சத்தமே இல்லாமல் நாய்க்குள் கரைந்துபோகலாம். புலிக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கையாவது இந்தப் புல்வெளிகளுக்கு ஒதுக்க வேண்டும், ஓநாய் வாழும் ஊர்களைச் சுற்றி நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் முதலில் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நாய்க்கு அறிவியல் பெயர் எது சரி?

லின்னேயஸ் 1758ல் கேனிஸ் ஃபெமிலியாரிஸ் என்று தனிச் சிற்றினமாக வைத்தார். ஓநாயின் துணையினமாகக் கருதுபவர்கள் கேனிஸ் லூபஸ் ஃபெமிலியாரிஸ் என்று எழுதுகிறார்கள். இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. தேர்வு எழுதும் பிள்ளைகள் தங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதினால் போதும்.

டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினேன், என் நாயில் கொஞ்சம் ஓநாய் இருப்பதாக வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ஒன்றிரண்டு சதவீதம் என்பது மிகப் பழைய கலப்பின் சுவடாக இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க அந்தச் சோதனைக்கூடத்தில் நம் ஊர் நாய்களின் தரவு போதாமல், கணக்கு ஓநாய் பக்கம் சாய்ந்தும் இருக்கலாம். அந்த எண்ணை வைத்து நாயின் குணத்தைச் சொல்ல முடியாது. கடிக்கிறது, உறுமுகிறது என்றால் அதற்கு வலியோ பயமோ காரணமா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பாருங்கள்.